மெனுஹின்: 1932 எல்கரும் 1960களின் எல்கரும் – நடுவில் அந்தக் கைக்கு என்ன ஆனது?

பழைய_இசைத்தட்டு:

ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் வயலின் கன்செர்ட்டோவை (தனி வயலினும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி) வயலின் மேதை யெஹுதி மெனுஹின் இரண்டு முறை ஸ்டுடியோவில் பதிவு செய்திருக்கிறார். முதலாவது 1932 ஜூலையில், லண்டன் ஆபே ரோடு ஸ்டுடியோவில், எல்கரே ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த. மெனுஹினுக்கு அப்போது வயது 16, எல்கருக்கு 75. இரண்டாவது 1960களின் நடுவில், ஏட்ரியன் போல்ட் நடத்த. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன்.

முதல் பதிவில் பழைய தட்டின் இரைச்சல் கூடவே வருகிறது. அதையும் மீறி, ஆர்க்கெஸ்ட்ரா பாதியில் விட்ட வாக்கியத்தை வயலின் எடுத்து முடிக்கிற அந்த முதல் இடத்திலேயே ஆள் காலி. வில்லை இழுப்பதே தெரியவில்லை, சத்தம் தானாகச் சுரக்கிறது. இரண்டாவதில் ஒலிப்பதிவு சுத்தம். வாசிப்பில் யோசனை ஆழம். ஆனால் நீண்ட ஸ்வரங்களில் வில் கம்பியோடு முழுசாக ஒட்டாமல் தயங்குவது போல இருக்கிறது. சில இடங்களில் சுருதியும் மயிரிழை தள்ளி நிற்கிறது.

வயசானால் கை தளர்வது இயல்பு, சரி. ஆனால் ஐம்பதைக்கூடத் தொடவில்லையே மனிதர்! ஹைஃபெட்ஸ், மில்ஸ்டைன் போன்ற வயலின் மேதைகள் எல்லாம் அந்த வயதில் உச்சத்தில் இருந்தார்கள். என்ன நடந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வில்லும்_விரலும்:

நல்ல கேள்வி. பதில் 1932க்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது.

மெனுஹின் 1916 ஏப்ரல் 22 அன்று நியூயார்க்கில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யப் பேரரசிலிருந்து பாலஸ்தீனம் வழியாக அமெரிக்கா வந்த யூதர்கள். குடும்பம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் கைக்குழந்தையையே சிம்பனி கச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே முதல் வயலின் வாசித்த லூயி பெர்சிங்கரைப் பார்த்துப் பார்த்து, நாலு வயதில் எனக்கு வயலின் வேண்டும், அவர்தான் சொல்லித்தர வேண்டும் என்று அடம். குடும்ப நண்பர் ஒருவர் தகரத்தில் செய்த பொம்மை வயலின் வாங்கிக் கொடுத்தார். கம்பியும் உலோகம், உடம்பும் உலோகம். வாசித்துப் பார்த்தான், பாடவில்லை. தரையில் வீசிவிட்டு ஓவென்று அழுதான். பிறகு பாட்டி அனுப்பிய பணத்தில் நிஜ வயலின் வந்தது.

முதல் பாடம் சிக்மண்ட் ஆங்கரிடம். கொஞ்ச நாளில் பெர்சிங்கரே ஏற்றுக்கொண்டார். பெர்சிங்கர் நல்ல ஆசிரியர், ஆனால் இந்தப் பையனுக்கு அவர் வாசித்துக் காட்டுவார், இவன் அப்படியே பிடித்துக்கொள்வான். நம் மொழியில் சொன்னால் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எதுவும் ஒழுங்காக உட்காராமல் நேராகப் பெரிய உருப்படிக்குப் போன பிள்ளை.

பெர்சிங்கருக்கு பெல்ஜியத்தின் வயலின் மேதை யூஜின் இஸாயிதான் குரு. அந்தப் பிடிப்பில் ஐரோப்பா போனபோது பையனை அவரிடம் அழைத்துப் போனார்கள். பையன் லாலோவின் ‘சிம்பொனி எஸ்பன்யோல்’ முதல் பகுதியை வாசித்தான். இஸாயி ரசித்தார். அப்புறம், ‘ஏ மேஜரில் ஓர் ஆர்ப்பெஜியோ வாசி’ என்றார் (ஒரு ஸ்வரக்கூட்டை ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்து ஏறி இறங்குவது). அவ்வளவுதான். விரல் பலகையில் இருட்டில் துழாவுகிற மாதிரி ஆகிவிட்டது. ஸ்கேலும் (நம் ஆரோகண அவரோகணம் மாதிரி) ஆர்ப்பெஜியோவும் சாதகம் செய், உனக்கு நல்லது என்று சொல்லி அனுப்பினார் கிழவர். இதை மெனுஹினே தன் சுயசரிதையில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

பையன் என்ன செய்தான்? இஸாயியிடம் போகவில்லை. பாரிஸில் ஜார்ஜ் எனெஸ்குவிடம் போனான். எனெஸ்கு மகா இசைமேதை, ஆனால் ஸ்கேல் சொல்லித்தரும் ஆள் இல்லை! உங்கள் கேள்விக்கு விதை அங்கே விழுந்துவிட்டது என்பது என் கட்சி.

சும்மா_வந்தவன்:

வயலின் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆர்ப்பெஜியோ வாசிக்கத் தெரியாதவன் கன்செர்ட்டோ வாசிப்பது எப்படி? புரியவில்லை.

வில்லும்_விரலும்:

படி இறங்கும்போது எந்தக் கால் முதலில் என்று யோசித்துப் பாருங்கள், தடுக்கும். யோசிக்காதவரை சிக்கல் இல்லை. கன்செர்ட்டோவில் கைக்கு முன்னால் இசை போகிறது, கை பின்னாலேயே ஓடுகிறது. வெறும் ஆர்ப்பெஜியோவில் துரத்த எதுவும் இல்லை. விரலுக்கு விரல் எத்தனை தூரம், எப்போது கையை மேலே நகர்த்துவது என்று தெரிந்திருந்தால்தான் வரும்.

கார்னகி_1927:

அந்தக் குழந்தைப் பருவத்தை ‘அடிப்படை தெரியாமல் வாசித்தான்’ என்று சுருக்கிவிட வேண்டாம். என்ன உயரத்தில் வாசித்தான் என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

1927 நவம்பர் 25, கார்னகி ஹால். வயது 11. நியூயார்க் சிம்பனியை நடத்த வந்தவர் ஜெர்மானியர் ஃபிரிட்ஸ் புஷ். பையன் பீத்தோவன் கன்செர்ட்டோதான் வாசிப்பேன் என்றான். புஷ் ஒப்பவில்லை. ஹாம்லெட் வேடத்தைக் குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகனுக்குக் கொடுப்பார்களா என்கிற மாதிரி கேட்டார். வாசித்துக் காட்டட்டும், பிறகு பேசுவோம் என்று சமாதானம் ஆயிற்று. கேட்டு முடித்ததும் மறுபேச்சு பேசவில்லை.

பீத்தோவனில் வேகம் காட்டி ஏமாற்ற முடியாது. முதல் பகுதி மட்டும் இருபது நிமிடத்துக்கு மேல். பெரும்பகுதி வெறும் ஸ்கேலும் ஆர்ப்பெஜியோவும்தான், அதை இசையாக்க வேண்டும். (இஸாயிக்கு இதைவிட நல்ல பதில் வேறு என்ன!) மேடையில் பிருடையைத் திருப்பும் பலம்கூட அந்தக் கைக்கு இல்லை. சுருதி சேர்க்க வயலினை ஆர்க்கெஸ்ட்ராவின் முதல் வயலின்காரரிடம் நீட்டினான். அவர் சேர்த்துக் கொடுத்தார், வாங்கி வாசித்தான்.

அடுத்தது 1929 ஏப்ரல் 12, பெர்லின். பதின்மூன்று வயது முடிய இன்னும் பத்து நாள் இருக்கிறது. புரூனோ வால்டர் நடத்த, ஒரே மாலையில் பாக், பீத்தோவன், பிராம்ஸ் என மூன்று கன்செர்ட்டோ. வளர்ந்த வித்வான்களே யோசிக்கும் பட்டியல். அன்று ஐன்ஸ்டைன் வந்து கட்டிக்கொண்டு, வானத்தில் கடவுள் இருக்கிறார் என்று இப்போது தெரிகிறது என்று சொன்னதாகப் பிரபலமான கதை.

அதே ஆண்டு ஹென்றி கோல்ட்மன் என்ற வங்கியாளர், கண்பார்வை போனவர், உனக்குப் பிடித்த வயலினைத் தேர்ந்தெடு, விலையைப் பார்க்காதே என்றார். பையன் தேர்ந்தெடுத்தது 1733இல் ஸ்ட்ராடிவாரி செய்த ‘பிரின்ஸ் கேவன்ஹ்யூலர்’. அப்போதைய விலை 60,000 டாலர். அமெரிக்கப் பங்குச்சந்தை கவிழ்ந்த ஆண்டு அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய_இசைத்தட்டு:

அருமை. எல்கரோடு நடந்த ஒத்திகை பற்றியும் ஒரு கதை உண்டு. ஹோட்டல் அறையில் பியானோவோடு பையன் கொஞ்ச நேரம் வாசித்ததுமே, இது போதும், பிரமாதமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு எல்கர் குதிரைப் பந்தயம் பார்க்கக் கிளம்பிவிட்டார்! கிழவருக்குக் குதிரை மேல் அப்படி ஒரு பித்து.

தரையில்_அமர்ந்து:

நான் கர்நாடக வயலின் பக்கம். எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன்.

நாம் உட்கார்ந்து, வயலின் தலையைக் கணுக்காலில் நிறுத்தி, மறுமுனையை மார்பில் அண்டக் கொடுக்கிறோம். வயலின் எங்கும் போகாது. இடது கை தாங்க வேண்டியதே இல்லை, கமகத்துக்கு மேலும் கீழும் தாராளமாகச் சறுக்கலாம். அங்கே நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் இடையில் பிடித்து, இடது கை பாதித் தாங்கல், பாதி வாசிப்பு. வலது கை முழுக்க அந்தரத்தில். தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றும் ஒத்துழைத்தால்தான் வில் நேராகப் போகும். ஓர் இடத்தில் இறுக்கம் வந்தால் நீண்ட வில்லில் காட்டிக்கொடுத்துவிடும்.

குழந்தை உடம்பில் இறுக்கம் கிடையாது. கை நீளமும் குறைவு, வில்லும் சின்னது. பதினாறு, பதினேழு வயதில் கை நீண்டுவிடுகிறது, தோள் அகலமாகிறது. அப்போது எல்லாக் கணக்கையும் உடம்பு மறுபடி போட வேண்டும். ஸ்கேல் சாதகம் செய்தவனுக்கு அந்தக் கணக்கு எப்படி என்று தெரியும். கேள்வி ஞானத்தில் வந்தவனுக்குத் தெரியாது. நம் பக்கத்திலும் பால வித்வான்கள் குரல் உடைகிற வயதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறோமே.

கம்பி_அறுந்தவன்:

எல்லாப் பழியையும் ஆசிரியர்கள் மேல் போடுவது எனக்கு ஒப்பவில்லை. ரகீரோ ரிச்சி, மெனுஹினைவிட இரண்டு வயது சின்னவர், அதே ஊர்ப் பக்கம், அதே பெர்சிங்கர் மாணவர், அவரும் குழந்தை மேதை. பத்து வயதில் மேடை ஏறினார். 1947இல் பாகானினியின் 24 காப்ரீஸையும் (தனி வயலினுக்கான மிகக் கடினமான சிறு உருப்படிகள்) முழுசாகப் பதிவு செய்து, எண்பது தாண்டியும் வாசித்தார். தொழில்நுட்பத்தில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. அதனால் பெர்சிங்கர்தான் காரணம் என்பது நிற்காது.

ரிச்சியின் கதை வேறு விதத்தில் கசப்பு. பிள்ளை யார் பொறுப்பில் என்று அவர் குழந்தைப் பருவம் நீதிமன்றம்வரை இழுபட்டது. யோசெஃப் ஹஸிட் என்று இன்னொரு பையன். 1923இல் போலந்தில் பிறந்தவர். ஹைஃபெட்ஸ் மாதிரி ஒருவர் நூறு வருடத்துக்கு ஒருமுறை, ஹஸிட் மாதிரி ஒருவர் இருநூறு வருடத்துக்கு ஒருமுறை என்று வயலின் மேதை கிரைஸ்லர் சொன்னதாகச் சொல்வார்கள். பதின்ம வயதிலேயே மனநோய், கடைசியில் மூளை அறுவை சிகிச்சை, 26 வயதில் மரணம். மிஞ்சியது கைவிரல்களுக்குள் அடங்கும் சில சிறு பதிவுகள்.

இவர்களோடு வைத்துப் பார்த்தால் மெனுஹினுக்கு என்ன ஆகிவிட்டது? வில் கொஞ்சம் நடுங்கியது. 82 வயதுவரை வாழ்ந்தார்.

வில்லும்_விரலும்:

ரிச்சி வாதத்தை ஏற்கிறேன், பாதி. ரிச்சி பெர்சிங்கரை விட்டு வேறு ஆசிரியர்களிடமும் போய், பிறகு தானாகவே தொழில்நுட்பத்தை ஆராய்ந்து கட்டியவர். மெனுஹினுக்கு நடுவில் அடோல்ஃப் புஷ் (மேலே சொன்ன ஃபிரிட்ஸின் தம்பி) பாஸலில் கொஞ்சம் ஜெர்மானிய ஒழுங்கு சொல்லிக்கொடுத்தார். திரும்ப எனெஸ்குவிடமே வந்துவிட்டார்.

அதோடு வேலைப் பளு. 1935இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா என்று உலகம் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கச்சேரிகள். முடித்ததும் கலிஃபோர்னியாவில் ஒன்றரை வருடம் மேடையே ஏறாமல் ஓய்வு. அந்த ஓய்வில்தான் தான் எப்படி வாசிக்கிறோம் என்று முதன்முதலாக யோசிக்கத் தொடங்கினார்.

அப்புறம் போர். நேச நாட்டுப் படைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் 500க்கு மேல் கச்சேரி. ராணுவ விமானத்தில் போய் இறங்கி, கை சூடாகும் முன்பே வாசிப்பது. சாதகத்துக்கு நேரம் இல்லை. முதல் திருமணமும் அந்த ஆண்டுகளில்தான் உடைந்தது. வில் கை தகராறு வெளியே தெரிய ஆரம்பித்தது இந்தக் கட்டத்தில்தான்.

மீனலோசனி:

போர் என்றதும் பெல்சன் நினைவுக்கு வருகிறது. 1945 ஜூலையில், விடுவிக்கப்பட்ட பெர்கன்-பெல்சன் வதைமுகாமில் பிழைத்தவர்களுக்காக வாசிக்கப் போனார். பியானோவுக்கு ஜெரால்ட் மூர் வருவதாக ஏற்பாடு. இளம் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் நான் வருகிறேன் என்று கெஞ்சிக் கேட்டுச் சேர்ந்துகொண்டார். ஒத்திகைக்கு உட்கார்ந்து ஐந்து நிமிடத்திலேயே இருவருக்கும் பிடித்துப்போய், மூட்டை நிறைய நோட்டுகளோடு கிளம்பிவிட்டார்கள். ஒரே நாளில் இரண்டு கச்சேரி.

கேட்டவர்களில் அனிடா லாஸ்கர் என்ற இளம் செல்லோக்காரி இருந்தார். ஆஷ்விட்ஸ் பெண்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்ததால் உயிர் தப்பியவர். கச்சேரி பற்றி உறவினருக்கு எழுதிய கடிதத்தில் அவர் மெனுஹினைவிடப் பெயர் தெரியாத அந்தப் பியானோக்காரரைத்தான் வியந்து எழுதினார். அது பிரிட்டன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மெனுஹின் அன்று எப்படி வாசித்திருப்பார் என்று எனக்கு அக்கறை இல்லை. அங்கே போனாரே, அது போதும்.

கம்பி_அறுந்தவன்:

இதோ, இதுதான் பிரச்சினை. ‘போனாரே போதும்’ என்று நாமே சலுகை கொடுத்துவிடுகிறோம். 1945க்கு அப்புறம் மெனுஹினைப் பற்றி எழுதுபவர்கள் பாதிப் பேர் வயலினை விட்டுவிட்டு மனிதாபிமானத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நல்ல மனிதர் என்பது வேறு, நல்ல வாசிப்பு என்பது வேறு. இவர் நல்ல மனிதரானதால் மோசமான பதிவுகளும் தப்பித்துக்கொள்கின்றன.

கார்னகி_1927:

தப்பித்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாத பதிவுகளும் உண்டு, அதைச் சொல்லுங்கள்.

1943இல் நியூயார்க்கில் ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் வறுமையிலும் நோயிலும் கிடந்தார். மெனுஹின் அவரைப் போய்ப் பார்த்து, அவருடைய முதல் வயலின் சொனாட்டாவை அவர் முன்னால் வாசித்தார். இசையமைப்பாளர் செத்து ரொம்ப நாள் ஆன பிறகுதான் இப்படி வாசிப்பார்கள் என்று நினைத்திருந்தேன் என்றாராம் பார்டோக். சாதாரணமாக வாயைத் திறக்காத மனிதர் அவர். மெனுஹின் அங்கேயே, எனக்கென்று ஏதாவது எழுதித் தாருங்கள், பணம் நான் தருகிறேன் என்றார். தானம் கொடுத்தால் பார்டோக் வாங்கமாட்டார் என்பதும் கணக்கில் உண்டு. அப்படிப் பிறந்ததுதான் தனி வயலின் சொனாட்டா. 1944 நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் அரங்கேற்றம், பார்டோக் சபையில் இருந்தார். அடுத்த செப்டம்பரில் இறந்துவிட்டார்.

துணைக்கு யாரும் இல்லாமல் ஒற்றை வயலின், நாலு பகுதி, நடுவில் ஒரு ஃபியூக் (ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று துரத்துவது போல எடுத்து வாசிப்பது). நோட்டை முதலில் பார்த்தபோது மெனுஹினே மிரண்டுபோனார், இதை வாசிக்கவே முடியாதோ என்று. 1947இல் அதைப் பதிவும் செய்தார். ‘கை போய்விட்டது’ என்பவர்கள் முதலில் அதைக் கேட்கட்டும். சொரசொரப்பு இருக்கிறது, ஆமாம். ஆனால் குழந்தை மெனுஹினால் அதை வாசித்திருக்கவே முடியாது.

ஷூமன் கன்செர்ட்டோ கதையும் அப்படியே. பல பத்தாண்டு பூட்டிக் கிடந்த கையெழுத்துப் படி 1930களில் வெளிவந்தது. முதல் கச்சேரியை மெனுஹின்தான் செய்வதாக இருந்தது. நாஜி ஜெர்மனி விடவில்லை. 1937 நவம்பரில் பெர்லினில் ஜெர்மானிய வயலின்காரர் கூலன்காம்ப்ஃப் வாசித்தார். சில வாரம் கழித்து அமெரிக்காவில் மெனுஹின், ஷூமன் எழுதியபடியே, கை வைக்காமல் வாசித்தார்.

மீனலோசனி:

அப்படிப்பட்டவர்தான் 1947இல் ஃபூர்ட்வாங்லரோடு போய் வாசித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாஜி காலம் முழுக்க ஜெர்மனியில் இருந்து ஆர்க்கெஸ்ட்ரா நடத்தியவர் அவர். போருக்குப் பின் ஒரு யூதக் கலைஞர் அவரோடு ஒரே மேடையில். அமெரிக்காவில் திட்டித் தீர்த்தார்கள். பெர்லினில் முகாம்களில் இருந்த யூத அகதிகள் கச்சேரியைப் புறக்கணித்தார்கள். இவர் தனியாக அந்த முகாமுக்கே போய், கூச்சல் போட்டவர்கள் முன்னால் நின்று தன் பக்கத்தைச் சொன்னார். சரி, தப்பு என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. முகாமில் குடும்பத்தை இழந்தவர்களுக்குக் கோபப்பட முழு உரிமை இருந்தது.

சும்மா_வந்தவன்:

இதற்கிடையில் ஒன்று புரிந்தது. 1932 பையன் ஒருவர், 1947 ஆள் வேறொருவர். யோகா கதை இவருடையதுதானே? தலைகீழாக நின்றவர்?

தரையில்_அமர்ந்து:

இவரேதான். அது வேடிக்கைக் கதையாகச் சுற்றுகிறது, ஆனால் இந்த இழையின் கேள்விக்கு நேரடித் தொடர்பு உண்டு.

1951இல் நியூசிலாந்தில் ஒரு எலும்பு வைத்தியரின் காத்திருப்பு அறையில் யோகாசனப் புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. ஹோட்டலிலேயே செய்து பார்க்க ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு நேரு அழைப்பில் இந்தியா வந்து பல ஊர்களில் வாசித்தார். வருமானம் முழுவதையும் பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்தார். நேருவுக்கும் சிரசாசனப் பழக்கம் உண்டு. எங்கே, செய்து காட்டுங்கள் என்று இவரைக் கேட்டு, இவர் செய்ததைப் பார்த்துவிட்டுச் சரியாக எப்படி என்று தானே தலைகீழாக நின்று காட்டினார். பிரதமர் மாளிகையில்!

பம்பாயில் பி.கே.எஸ். ஐயங்கார் வந்து பார்த்தார். கொடுத்த நேரம் சில நிமிடம்தான். இவர் களைத்திருந்தார். ஐயங்கார் அவரைப் படுக்கவைத்து, விரல்களால் கண்ணையும் காதையும் பொத்தி மூச்சை அடக்கியதும் அப்படியே தூங்கிப்போனார். அதற்கு முன் அப்படித் தூங்கியே பல நாள் ஆகியிருந்தது. 1954இல் ஐயங்காரை ஸ்விட்சர்லாந்துக்கு வரவழைத்துக் கற்றுக்கொண்டார். ‘என் மிகச் சிறந்த வயலின் ஆசிரியருக்கு’ என்று பின்பக்கம் பொறித்த கைக்கடிகாரம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்.

கவனியுங்கள், வயலின் ஆசிரியர் என்கிறார். இஸாயி, எனெஸ்கு, புஷ் எல்லாரையும் பார்த்தவர், வயலின் தொடவே தெரியாத ஒருவரை அப்படிச் சொல்கிறார். தோள் எலும்பு எங்கே உட்கார வேண்டும், மூச்சு எங்கே நிற்க வேண்டும் என்று முதன்முதலில் சொல்லித்தந்தவர் ஐயங்கார்தான். 1970களில் மெனுஹின் ஆறு பாடங்களாக ஒரு வயலின் பயிற்சி நூல் போட்டார். முதல் பாடத்தில் வயலினே கிடையாது! நிற்பது, ஆடுவது, மூச்சு விடுவது, கையைச் சுழற்றுவது இவ்வளவுதான். பிள்ளைக்குத் தானாக வந்ததை ஐம்பது வயதுக்காரர் அங்குலம் அங்குலமாகப் பிரித்து எழுதியிருக்கிறார்.

கம்பி_அறுந்தவன்:

யோகா செய்தும் வில் முழுசாகச் சரியாகவில்லை, அதையும் எழுதுங்கள். சில நாள் தேவகானம், சில நாள் பரிதாபம் என்பதுதான் 1950, 60களில் அவரை நேரில் கேட்டவர்கள் எழுதியது.

தரையில்_அமர்ந்து:

மறுக்கவில்லை. சரியாகாமல் போனதால்தான் பள்ளி வந்தது என்று நினைக்கிறேன். 1963இல் லண்டனில் சிறிய அளவில் தொடங்கி, அடுத்த ஆண்டு சர்ரேயில் ஸ்டோக் டபர்னன் கிராமத்துக்குப் போன உறைவிடப் பள்ளி. மாஸ்கோவின் மத்திய இசைப்பள்ளியைப் பார்த்து வந்த யோசனை. எட்டு வயதிலிருந்தே பிள்ளைகள், பாதி நாள் இசை, பாதி நாள் சாதாரணப் படிப்பு. மெனுஹினோ பள்ளிக்கூடம் போனது ஒரே ஒரு நாள், அதுவும் முழு நாள் இல்லை. மிச்சமெல்லாம் வீட்டிலேயே, அம்மாவின் கெடுபிடியில், தங்கைகள் ஹெஃப்ஸிபாவும் யால்ட்டாவும்தான் தோழர்கள். நைஜல் கென்னடி, டாஸ்மின் லிட்டில், நிகோலா பெனடெட்டி, அலினா இப்ரகிமோவா எல்லாரும் அங்கே படித்தவர்கள். எவரும் மெனுஹின் நகல் இல்லை. கென்னடி ஒருவர் போதும் சாட்சிக்கு.

நம் ஆட்களோடும் தொடர்பு விடவில்லை. 1955இல் அலி அக்பர் கானை நியூயார்க் மேடையில் அறிமுகம் செய்தார். 1965 எடின்பரோ விழாவில் லால்குடி ஜெயராமன் வாசித்ததைக் கேட்டு அசந்துபோய்த் தன் இத்தாலிய வயலினையே பரிசளித்தார். ரவிசங்கரோடு வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுக்கு கிராமி விருதும் வந்தது. அதில் மெனுஹின் வாசிப்பது ரவிசங்கர் எழுதிக்கொடுத்ததைத்தான். கமகம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஒரு மாணவனின் பணிவு கேட்கிறது. நம் காதுக்கு அது கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

பழைய_இசைத்தட்டு:

எல்லாருக்கும் நன்றி. போல்ட் பதிவை மறுபடி கேட்டேன். வில் தயங்கும் இடங்கள் அப்படியேதான் இருக்கின்றன. கம்பி_அறுந்தவன் சொல்வதுபோலச் சலுகை கொடுக்கத் தோன்றவில்லை. ஆனால் கடைசிப் பகுதியில், ஆர்க்கெஸ்ட்ரா கம்பிகளை மெல்ல விரலால் அதிர வைக்க, வயலின் தனியாகப் பழைய மெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் அந்த நீண்ட காடென்ஸா இருக்கிறதே, அங்கே 1932 பையனைவிட இவர் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறார். பையன் அதை அழகாக வாசிக்கிறான். இவர் திரும்பிப் பார்க்கிறார். தட்டை மாற்றி மாற்றிப் போட்டு நான் வந்து சேர்ந்த இடம் இது. மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கம்பி_அறுந்தவன்:

காடென்ஸாவுக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். முதல் பகுதிக்கு 1932தான்.

இரவுக்_கச்சேரி:

தாமதமாக வந்தேன். இவ்வளவு பேசியும் ஒருவரும் ஸ்டெஃபான் கிராப்பெலியைத் தொடவில்லையே! 1970களின் தொடக்கத்தில் பிபிசி தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காக இருவரையும் சேர்த்து வாசிக்க வைத்தார்கள். கிராப்பெலி ஜாஸ் வயலின்காரர், பெரும்பாலும் தானாகவே கற்றவர், மனோதர்மம்தான் மூச்சு. ஒரே பாட்டை இரண்டு முறை ஒரே மாதிரி வாசிக்கச் சொன்னால் முழிப்பார். மெனுஹினுக்கோ எழுதி வைத்தால்தான் வாசிக்க வரும். அவருடைய பகுதியை நோட்டில் எழுதிக் கொடுத்தார்கள். கிராப்பெலி பக்கத்தில் நின்று இஷ்டத்துக்குப் பறந்தார். ஊடே மெனுஹின் அந்த மனிதரைப் பார்க்கும் பார்வையைப் படம் பிடித்திருக்கிறார்கள், முகமெல்லாம் பொறாமை கலந்த சிரிப்பு. அந்தக் கூட்டணி பல இசைத்தட்டுகள் போட்டது. அடிப்படை, ஸ்கேல், வில் கை என்று மண்டையைக் குழப்பிக்கொண்டவர்கள் ‘ஜெலஸி’ பாட்டை இவர்கள் இருவரும் வாசித்ததில் தொடங்குங்கள். வில் நடுக்கம் அதில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் எனக்கும் சொல்லுங்கள்.